இசக்கிபாண்டி அடக்கி ஓட்டிய குதிரை

இசக்கிபாண்டிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. டீ ஆறும்வரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்வான். சோறு வேகுமுன் மூடியைத் திறந்து, மனைவி சொர்ணத்தாயிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

இப்படிப்பட்ட ஆளை நம்பி மாயகிருஷ்ணன் தன் பந்தயக் குதிரையை ஏன் கொடுத்தார் என்று கோவில்பட்டியில் பலருக்கும் விளங்கவில்லை. குதிரை வண்டிப் பந்தயத்தில் எடுத்த எடுப்பிலேயே விரட்டுவான். கிழக்கே போகும்போது ஆனி மாதத்து மேல்காற்று முதுகில் தள்ளும். குதிரை பறக்கும், சனம் விசிலடிக்கும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அறையும். முதலில் செலவழித்த மூச்சு கடைசி மைலுக்குத் திரும்பி வருமா? மூன்று பந்தயம் அப்படித்தான் போயிற்று. நாலாவதும் தோற்றால் குதிரைக் கயிற்றை வேறு ஆளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று மாயகிருஷ்ணன் சொல்லிவிட்டார். இசக்கிபாண்டிக்கு வாழ்க்கையில் மனசுக்குப் பிடித்த வேலை அது ஒன்றுதான்.

நாலாவது பந்தயத்தில் எட்டயபுரத்திலிருந்து கிழக்கே எட்டு வண்டிகள் கிளம்பின. இசக்கிபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதாகவே போனான். பின்னால் இருந்த துணைச் சாரதி லிங்கராஜ் விரட்டச் சொல்லிக் கத்தியும் காதில் வாங்கவில்லை. திரும்பியதும் முன்வண்டியை ஒட்டியே ஓட்டினான். எதிர்காற்றையெல்லாம் அந்தக் குதிரை வாங்கிக்கொண்டது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. பாவம், குதிரையை அடக்குவதைவிடத் தன்னை அடக்குவதுதான் அவனுக்குப் பெரும்பாடு. கடைசியில் வண்டியைப் பக்கவாட்டில் விலக்கி, கயிற்றைத் தளர்த்தி விட்டான். குதிரை பாய்ந்து ஒரு வண்டியைத் தாண்டியது, மற்றதையும் நெருங்கியது. நூறு கெஜம் முன்பே விட்டிருக்க வேண்டும். அரைச் சக்கர தூரத்தில் இரண்டாமிடம்.

மாயகிருஷ்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் முகத்தைப் பார்க்கும் தெம்பு இவனுக்கு இல்லை. கயிற்றை லிங்கராஜ் கையில் திணித்துவிட்டு, புறப்படத் தயாராக இருந்த கோவில்பட்டி பஸ்ஸில் ஓடி ஏறிவிட்டான்.

ஊர் எல்லை தாண்டும்போது லிங்கராஜ் போனில் வந்தான்.

"எங்க போனிய அண்ணே? மாயகிருஷ்ணன் அண்ணாச்சி குதிரை நெஞ்சத் தொட்டுப் பாத்தாவ. மூச்சு இன்னும் மிச்சம் கெடக்கே, இப்படி அடக்கத் தெரிஞ்சவன்தான் இனிமே ஓட்டணும்னு உங்களத் தேடுனாவ."

"இந்தா, இறங்கி வாரேம்லே."

லிங்கராஜ் கொஞ்சம் தயங்கினான். "அஞ்சு நிமிசம் நிக்க மாட்டாதவனான்னு கேட்டாவ அண்ணே. பொறவு, என் கையில இருந்த கயித்த என்னையே வச்சுக்கிடச் சொல்லிட்டாவ."

இசக்கிபாண்டி கம்பியைப் பிடித்தபடி நின்றான். இறங்கணுமா, உட்காரணுமா என்று கண்டக்டர் இரண்டு தடவை கேட்டார்.