நடக்க வைக்கச் சொல்லியிருந்தார்கள்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார் என்ற சேதி வந்தபோது நான் திண்டிவனத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒலக்கூருக்கு, அவரைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். பஸ் வந்தது. எல்லாரும் ஏறிய பிறகு மெதுவாக ஏறினேன். இனி எதற்கு ஓட?

மார்க்கெட் கமிட்டியில் அவரோடு மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்கியவர்களே, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல நம் சங்கச் செயலாளர் எழுதுகிறார். படத்திறப்பன்று அவரே வாசிப்பார். சொன்னதில் எதையும் விடக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், லாரிப் பலகையில் ஏறும்போது மூட்டையோடு முட்டி மடங்கி விழுந்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரியான அண்ணன்தான் ஓடி வந்து கையை நீட்டினார். பிறகு சிரித்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "பாரத்துக்குக் கீழ இருக்கிறவன் கை கேட்டா மொதல்ல கையைக் குடு. ஏன் எதுக்குன்னு அப்பறம் கேளு." அதுதான் நமக்குச் சட்டமாக இருந்தது.

இந்தக் கார்த்திகை மழையில் அண்ணனுக்குச் சளிக்காய்ச்சல் வந்து, விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். நடந்து போனவர், வீல்சேரில் வந்தார். காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை; கால்தான் பின்னிக்கொண்டது. மகன் சேகரும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் பகலில் நான் துணைக்கு இருந்தேன். அப்பா கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சேகர் சொன்னான். டாக்டர் சொன்னதை நான் தட்டுவேனா?

முதல் வாரம் அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். "முனுசாமி, கை குடுடா. நின்னு பாக்கறேன்."

டாக்டர் சொன்னதைச் சொன்னால் மனசு விட்டுவிடுவார் என்று, மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். படுக்க வைத்தபடியே கஞ்சி ஊட்டினேன். படுக்க வைத்தபடியே மூத்திரப் பாத்திரம் வைத்தேன். "மூட்டையாட்டம் போட்டு வச்சிக்கினு இருக்கிற. வாயையும் சணல் போட்டுத் தச்சிடு" என்றார். நான் சிரித்தேன். இரண்டாம் வாரம் எப்போதாவது கேட்டார். மூன்றாம் வாரம் கேட்கவே இல்லை. முதுகில் புண் வந்திருந்தது.

புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்த நர்சம்மா ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கேட்டார். ரேஷன் கார்டு வைத்திருந்த பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்டுக்குப் போன நாள்லருந்து தெனமும் புடிச்சி நடக்க வைக்கணும்னு எழுதியிருக்குதே, தாத்தா. ஏன் படுக்க வச்சீங்க?"

சேகர் வரும்வரை வாசலிலேயே நின்றேன். கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேருமே கெழவனுங்க, சித்தப்பா. நடக்கறேன்னு வுழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாரு பாக்கறது? அதான் டாக்டர் சொன்னாருன்னு சொன்னேன். நானா சொன்னா நீங்க கேப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன். அது அவனுக்குத் தெரிந்திருந்தது. எழுத்தறியாத என்னை டாக்டர் பேரைச் சொல்லிக் கட்டிப் போட்டு, என் கையாலேயே அண்ணனைப் படுக்க வைத்துவிட்டான். பயத்தில் செய்தான் என்கிறார்கள். பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லியிருக்கலாமே. ஆளுக்கொரு பக்கம் பிடிக்க இரண்டு பேரைக் கூட்டி வந்திருப்பேன். கமிட்டியில் ஆளுக்கா பஞ்சம்?

மறுநாள் போய்க் கையை நீட்டினேன். எழுந்திரு அண்ணே, நிற்கலாம் என்றேன். கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இப்பதான் உனுக்கு மனசு வந்துச்சா?"

கால்களைத் தரையில் இறக்கினேன். முட்டி நிற்கவில்லை. எட்டாம் நாள் போய்விட்டார்.

இடையில் உண்மையைச் சொல்லப் பலமுறை வாயெடுத்தேன். மகனை வெறுத்துக்கொண்டு அவர் சாக வேண்டாம் என்று விழுங்கினேன். கை கொடுக்காதவன் நான்தான் என்று எண்ணியபடியே போனார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்வி. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்களுக்குச் சொல்லிவிட்டேன். படத்திறப்புக்குச் சேகரும் வருவான். முன்னால் உட்கார வையுங்கள். கேட்கட்டும்.