நாக்கில்லாத மணிகள்

எங்கள் வீட்டுப் பூஜை மணிக்கு ஒரு வருடம் நாக்கே இல்லை. அம்மா வழக்கம்போல அதை ஆட்டுவார், சத்தம் வராது. சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

காரணம் எதிர்வீட்டு மாமா. தீயணைப்பு வண்டியில் மணியடித்துக்கொண்டு போவது அவர் வேலை. மயிலாப்பூரில் எங்கள் சந்து முனையை வண்டி கடக்கும்போது பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே அடிப்பார். தி. நகரில் ஒரு துணிக் கிடங்கு எரிந்தபோது, அவரோடு உள்ளே போன கூட்டாளி திரும்பவில்லை. மாமா திரும்பினார், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல். ஆனால் அதன்பின் எந்த மணி கேட்டாலும், சாப்பிட்டுக்கொண்டிருந்தால்கூட எச்சில் கையோடு தெருவுக்கு ஓடுவார். வராத வண்டியைத் தேடுவார். கைகால் நடுங்க அங்கேயே உட்கார்ந்துவிடுவார். டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று எழுதிக் கொடுத்தார்.

மயிலாப்பூரில் மணிச் சத்தம் இல்லாத இடம் ஏது? அப்போது நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்துக்கொண்டிருந்தேன். எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்கு யோசிக்க வராது. கோயில் மணியும் மாதா கோயில் மணியும் நம் கையில் இல்லை. அந்த நேரங்களில் மாமாவின் மனைவி, எங்களுக்கு அத்தை, ரேடியோவைப் பலமாக வைத்துவிடுவார். மீதி இருந்தவை பூஜை மணி, சைக்கிள் மணி, ரிக்‌ஷா மணி, சோன்பப்டிக்காரர் மணி, மாடிவீட்டு அழைப்பு மணி. கடைசியதைக் கழற்றிவிட்டு, பொத்தானை அழுத்தினால் உள்ளே விளக்கு எரியும்படி மாற்றினேன். மற்றவற்றை அவரவரே ஊமையாக்கினார்கள். ரிக்‌ஷாக்காரர் மட்டும், "ஓரம், ஓரம்! பெல்லு லீவுல கீது!" என்று கத்திக்கொண்டே வருவார். மாமாவே சிரித்துவிடுவார்.

தீயணைப்பு நிலையத்தில் சிலருடைய சிரிப்பு வேறு மாதிரி. "அடிபடாத ஆளுக்கு இன்னாய்யா லீவு? டிமிக்கி!" என்றார்கள். மாமா நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டதே அந்தச் சொல்லுக்காகத்தான். "துட்டு கெடக்குதும்மா. நான் பொய் சொல்லலன்னு யாராவது சொல்லணும்" என்றார் என்னிடம். தோற்றால் வண்டியில் ஏற வேண்டும். இல்லையென்றால் வேலை போய்விடும்.

விசாரணை அதிகாரி மாமா வீட்டுக்கே வந்தார். அன்றைக்குத்தான் எங்கள் தெரு பெரிய தவறு செய்தது. மாமாவுக்குத் தொந்தரவு கூடாதென்று மற்ற நாட்களைவிட அமைதியாக இருந்தது. மாமா நிதானமாகக் காபி குடித்தார். கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னார். அதிகாரி பேனாவை மூடினார்.

"நல்லாத்தானே இருக்கார்? டூட்டிக்குப் போகலாம்."

வாசலில் நின்ற எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் ஓடியிருக்கும்: யாராவது எங்கிருந்தாவது ஒரு மணியைக் கொண்டுவந்து அடித்தால் போதும், மாமா ஜெயித்துவிடுவார். யாரும் அடிக்கவில்லை.

அம்மா எங்கள் வீட்டுக்குள் போய்ப் பூஜை மணியை எடுத்து வந்து அதிகாரியின் கையில் கொடுத்தார். அவர் ஆட்டிப் பார்த்தார். திருப்பி உள்ளே பார்த்தார். அதற்குள் ரிக்‌ஷாக்காரர் தன் மணியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சோன்பப்டிக்காரர் மணியும் வந்தது.

"என்னய்யா இதெல்லாம்?" என்றார் அதிகாரி.

"பெல்லு கேட்டா இவருக்குத் தாங்காது சார். அதான் தெருவே ஊமையா கீது" என்றார் ரிக்‌ஷாக்காரர். "டிமிக்கி குடுக்குறவனுக்கு எவனாச்சும் பெல்லக் கழட்டுவானா சார்? நான் தொண்ட கிழிய கத்திகினு கீறேன்!"

அதிகாரி சிரிக்கவில்லை. வாசலுக்கு வந்து தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். உள்ளே போய்ப் பேனாவைத் திறந்தார்.

பணியில் ஏற்பட்ட பாதிப்புதான் என்று முடிவாயிற்று. நஷ்டஈடும் கிடைத்தது, சாமான் கிடங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலையும் கிடைத்தது. இன்று நான் வேலை செய்யும் இடத்தில் யாராவது உடம்பு முடியவில்லை என்றால், எங்கே அடிபட்டது என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

செய்தி வந்த மாலையில் மாமா சீருடையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, நிலையத்துக்காரர்கள் கூடும் டீக்கடைக்குப் போனார். சில்லறை வாங்க வந்த நானும் அங்கே நின்றேன்.

"இன்னா நைனா, கேட்டீங்களா? எனக்கு நெசமாவே ஒடம்பு செரியில்லியாம்! கவர்மெண்டே சொல்லிடுச்சு!" என்று முகமெல்லாம் பூரிக்கச் சொல்லிவிட்டு, டிமிக்கி என்றவர்களுக்கும் சேர்த்து டீ போடச் சொன்னார்.