கடைசி மிடறு

அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் ஷீபா நூறு வரை எண்ணுவார். நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து. பக்கத்து வீட்டுக் கல்பனா வேலிக்கு அப்பாலிருந்து சிரிப்பார்: "இன்னாக்கா, தண்ணிக்குப் பாடம் எடுத்துக்கினு கீறியா?"

"ஆமாண்டி. பூச்சிங்க பெயிலாவற வரைக்கும்."

வயது முப்பத்தெட்டு. உத்திரமேரூரை ஒட்டிய ஒரு காலனி. நாற்று நட்டுப் பிழைத்தவர். சேற்றுப்புண் எலும்புவரை புரையோடிய பிறகு வயலில் இறங்குவதில்லை. கடைத்தெருத் தையற்காரருக்கு ரவிக்கைக் கொக்கி தைத்துத் தருகிறார். எதிரே யாராவது தும்மினால் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து தள்ளிப்போய் உட்காருவார்.

கிருமியை எதிர்க்கும் பொருளை அவர் உடம்பு உண்டாக்குவதில்லை. இது பிறரிடமிருந்து ஒட்டியதுமல்ல, பிறருக்கு ஒட்டுவதுமல்ல. அவரைப் பற்றி எழுத வந்த என்னிடம் சொன்னார்: "என் ரத்தத்துல போலீஸே இல்ல சார். மாசத்துக்கு ஒரு தபா மெட்ராஸ் போயி, வாடகைக்கு ஏத்திக்கினு வரேன்." ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்து அது. கொடுத்தவர்களின் சாதியை எந்தக் குப்பியிலும் எழுதுவதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு தேவாலயத்தில் திராட்சரசம். ஒரே கிண்ணம், அறுபது வாய். "மத்தவங்க வாய் படறதுக்கு முன்னால எனக்குக் குடுங்கய்யா" என்று போதகரிடம் கேட்டிருந்தார். கிடைத்தது. "மகாராணிக்கு மொதப் பந்தி" என்று பின்வரிசை முணுமுணுத்தது.

சென்ற ஆண்டு, உதவி கேட்டு அவர் கொடுத்த மருத்துவக் கோப்பைச் சபைச் செயலாளர் செந்தமிழன் புரட்டினார். எதிர்ப்புச் சக்தி இல்லை என்று படித்ததும் அவருக்கு ஒரே நோய்தான் தோன்றியது: எய்ட்ஸ். அந்த நோயாகவே இருந்தாலும் கிண்ணத்தால் பரவாது. செந்தமிழன் பள்ளியில் நடத்துவது அறிவியல்!

சபை கூடித் தீர்ப்புச் சொன்னது: ஷீபா கடைசியில் குடிக்கட்டும்.

தன் நோயை யாருக்கும் தொற்றவைக்க முடியாத ஒருவரிடமிருந்து ஊரைக் காப்பாற்ற, ஊர் எச்சில் முழுவதையும் அவர் வாயில் ஊற்றுகிறார்கள்.

மூன்றாம் மாதமே நிமோனியா. வலது நுரையீரலின் அடிப்பகுதி இனி மீளாது. இன்னொரு முறை வந்தால் உயிருக்கே உத்தரவாதமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"இன்னும் ஏம்மா போறீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

"போவாம நின்னா, ஆமான்னு ஒத்துக்கினா மாரி ஆயிடும் சார்."

இந்த மாத முதல் ஞாயிறு நானும் பின்வரிசையில் நின்றேன். செந்தமிழன் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தபடி விலகினார். எல்லோருக்கும் கடைசியாக ஷீபா மண்டியிட்டார். கிண்ணம் உதட்டருகே வந்தது. அவர் வாய் திறக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, இருமல் மருந்துப் புட்டியின் மூடியை எடுத்தார். கொதிநீரில் கிடந்து கிடந்து வெளுத்த மூடி. போதகருக்குப் பின்னால் பீடத்தில், யார் வாயும் படாத ரசக் குடுவை இருந்தது. அதற்கு நேராக மூடியை நீட்டினார்.

செந்தமிழன் தொண்டையைக் கனைத்தார். போதகர் குடுவையைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். ஷீபாவின் உதடுகள் மெல்ல அசைந்தன. ஜெபம் என்றுதான் முதலில் நினைத்தேன். எண்ணிக்கொண்டிருந்தார். கை தாழவில்லை.