அக்காவின் விரல்

எங்கள் தொழிற்சாலையில் அன்னாசியை டப்பாவில் அடைக்கிறவர்களுக்குத்தான் மவுசு. தோலும் நடுத்தண்டும் எங்கள் பின்கூடத்துக்கு வரும். அரைத்து, சாற்றை வடிகட்டி, குளிர்ந்த ஸ்பிரிட்டை ஊற்றினால் அடியில் வெள்ளையாக ஒன்று படியும். அதுதான் நொதி. இறைச்சியைப் பஞ்சாக்கும், வீக்கத்துக்கு மாத்திரையாகும். குப்பை கிளறுகிறோம் என்று முன்கூடத்தார் மூக்கைப் பொத்துவார்கள். பொத்தட்டும்.

எனக்கு அடுத்த தொட்டிக்காரியைச் சித்தி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவளுடைய அக்காவும் அதே தொட்டியில்தான் வேலை பார்த்தாள். அக்காவின் ஒரே குழந்தை, சின்னப் பெண், வாசலில் வந்து நின்று "சித்தி, சித்தி" என்று கத்தியதில், மேலாளர் வரைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அக்கா கையுறை போடமாட்டாள். படிந்ததை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்துத்தான் பதம் சொல்வாள். இறைச்சியைத் தின்பது விரலை விடுமா? ரேகையெல்லாம் அழிந்து நுனி கண்ணாடி மாதிரி ஆனது. வாசலில் வருகையைப் பதிகிற இயந்திரத்துக்கு அவளை அடையாளம் தெரியாமல் போகவே, அந்த வழவழ விரலையே மறுபடி பதிந்துகொண்டார்கள். சித்தி உஷார்ப் பேர்வழி. கையுறையைக் கழற்றவே மாட்டாள்.

பிறகு அக்கா காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. குழந்தை சித்தியிடம் வந்தது. அதற்குத் தாயின் நினைவே இல்லாமல் போய்விடுமோ என்பதுதான் சித்திக்கு ஓயாத பயம். அக்காவைப் பற்றி ஏதாவது சொல்லித்தான் தினமும் தூங்க வைப்பாள்.

இங்கே தொட்டியில் பதம் தவறிக்கொண்டே போனது. மேலாளர் வாய்க்கு வந்தபடி பேசினார். ஒருநாள் சித்தி கையுறையைக் கழற்றிவிட்டாள். பதம் அச்சாக வந்தது. மெல்ல மெல்ல அவள் விரல் நுனியிலும் ரேகை அழிந்தது.

சில மாதங்கள் கழித்து அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன்.

"ரொம்ப நாளா வேலைக்கு வரலையேம்மா நீங்க?" என்றார் எழுத்தர்.

"தினமும் வர்றேனே! தொட்டிகிட்ட நிக்கிறது யாராம்?"

அவர் திரையைத் திருப்பினார். சித்தியின் படத்துக்கு நேரே எல்லாம் காலி. அதற்குக் கீழே அக்காவின் படம். ஒருநாள்கூடத் தவறவில்லை. கதவு திறந்தால் சரி என்று இருந்துவிட்டோம், இயந்திரம் யாரை உள்ளே விடுகிறது என்று பார்த்தவர் யார்?

"உங்க அக்காதாம்மா வர்றாங்க." எழுத்தரின் குரல் இறங்கிவிட்டது.

"அவ பேரை எடுத்துடுங்க சார்."

"எடுத்துட்டா இந்த விரலுக்குக் கதவு திறக்காது. அட்டை போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் அவங்களாவே வந்துட்டுப் போங்க."

சிரிக்க வேண்டிய பேச்சுதான். யாரும் சிரிக்கவில்லை.

அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் வீடுவரை போனேன். கரண்ட் இல்லை. உள்ளே கும்மிருட்டு. குழந்தை படுத்திருந்தது. சித்தி பேசாமல் உட்கார்ந்து அதன் கன்னத்தைத் தடவினாள்.

"அம்மா," என்றது குழந்தை.

"சித்திடா கண்ணு."

"பொய். சித்தி கை சொரசொரன்னு இருக்கும். இது அம்மா கை."

சித்தி கையை இழுக்கப் பார்த்தாள். குழந்தை விடவில்லை. விரல் நுனிகளை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் அழுத்திக்கொள்வது இருட்டிலும் மங்கலாகத் தெரிந்தது.

"நாளைக்கு சித்திய வேலைக்கு அனுப்பிடு. நீ இங்கயே இரும்மா."

இழுத்த கை அப்படியே கன்னத்தில் தங்கிவிட்டது. பிறகு, "சரிடா," என்று பதில் வந்தது. அது சித்தியின் குரலாக எனக்குக் கேட்கவில்லை. கைப்பேசி விளக்கைப் போட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.