குதிரை பார்க்கும் படலம்

நான் வாங்க ஆசைப்பட்ட குதிரையைப் பார்க்க அம்மாவும் மாமியும் நோர்வேயில் நாங்கள் இருக்கும் வெஸ்ட்லியிலிருந்து பட்டுச்சேலையில் வந்தார்கள், பெண் பார்க்கிற மாதிரி. குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். ஆகவே, குதிரை முன்னங்காலை இழுப்பது குளிரால்தான் என்று விற்பவர் சொன்னதை ஆராய்ந்து ஏற்றுக்கொண்டிருந்தேன். அது ஜூலை மாதம்.

"டொக்டரிட்டைக் காட்டினதோ எண்டு கேள் பிள்ளை" என்றார் அம்மா.

"பாக்க வந்த இடத்திலை அப்பிடிக் கேக்கிறதே மச்சாள்? முகம் லட்சணமாத்தானே கிடக்கு" என்றார் மாமி.

அம்மா குனிந்து அந்தக் காலைத் தடவினார். குதிரை வெடுக்கென்று பின்வாங்கியது.

"வீட்டை போய்ச் சொல்லுறம் எண்டு சொல்லு" என்றார் அம்மா.

பெண் வேண்டாமென்றால் எங்கள் ஆட்கள் சொல்வது அது. நோர்வேஜிய மொழியில் அப்படியே சொன்னேன். விற்பவர் நம்பிக் காத்திருந்து, ஒரு கிழமை கழித்துத் தொலைபேசியில் அழைத்தார்.

படித்தவள் அல்லவா, "இன்னும் யோசிக்கிறோம்" என்றேன்.