பஸ் மாறிப் போகிற கல்லூரி

திருமங்கலத்துக்கு வெளியே ஒரு செங்கல் சூளை, வில்லாபுரத்தில் மாடி வீடு, அதற்குக் கீழே மூன்று கடைகள். எல்லாம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் ஒற்றை ஆளாகக் கட்டியவை. என் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு அடி நிலம் கிடையாது. அடுத்தவர் கரிசலில் களையெடுத்தே போய்ச் சேர்ந்தார்.

கல்லூரி என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பஸ் மாறாமல் போய் வர வேண்டும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் பார்ப்பார்கள். மூத்தவனை அப்படித்தான் சேர்த்தேன்.

இளைய மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். கோயம்புத்தூர்ப் பக்கத்து விவசாயக் கல்லூரியைத்தான் கவுன்சிலிங்கில் முதலில் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"களைக்கொத்தக் கீழ போடத்தான் இம்புட்டுப் பாடுபட்டேன். நீ திரும்ப அதையே எடுக்கப் போறியா? அதுவும் அம்புட்டுத் தூரம் போயி?"

"நீங்க அந்தப் பக்கம் போயிருக்கீங்களாப்பா? பாக்காமயே தூரம்னா எப்படி?"

எந்தக் கல்லூரி முதலில் என்கிற பட்டியலை அனுப்ப இரண்டு நாள்தான் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிவிட்டேன். தாராபுரம் தாண்டியதும் கண்ணுக்கு எட்டிய மட்டும் காற்றாலைகள். மண்ணின் நிறமே வேறு.

சுற்றிப் பார்க்க வந்தேன் என்றதும் கல்லூரிக் காவலாளி என்னை ஒரு காட்சிக் கூடத்துக்குள் கூட்டிப்போனார். வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிக்கொரு ஊர் மண். ஒன்றின் முன்னால் எழுத்துக்கூட்டிப் படித்தேன்: திருமங்கலம், கரிசல். ஆள் உயரத்துக்கு வெட்டியெடுத்து நிறுத்தியிருந்தார்கள். அப்பா வெடித்த காலோடு நின்ற மண். அதற்குள் இத்தனை அடுக்கு இருப்பதை எங்கள் ஆட்கள் யாரும் கண்டதில்லை. என்னையறியாமல் செருப்பைக் கழற்றினேன்.

"ஏனுங்க, செருப்போடயே பாக்கலாமுங்க."

"இது எங்க ஊரு மண்ணுண்ணே."

"அப்படீங்களா? மண்ணு வந்து பல வருசமாச்சுங்க. அந்தப் பக்கத்து ஆளுங்கதான் அவ்வளவா வர்றதில்லீங்க."

வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "நானே போயிப் பாத்துட்டு வந்துட்டேன். அதையே முதல்ல போடு ஆத்தா" என்றேன். சீட் கிடைத்தது.

இன்று அவள் விவசாய அதிகாரி. படித்த பள்ளியில் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். மைக்கைப் பிடித்தவள், பட்டியலை நிரப்பித் தந்த டீச்சருக்கு நன்றி சொன்னாள், அம்மாவுக்குச் சொன்னாள், இறங்கிவிட்டாள். டீச்சர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தத் தூரத்தை முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் நான். அடுத்த மேடையில் அவள் அதைச் சொல்லியாக வேண்டும், டீச்சருக்கு முன்னால்.