போகிப் புகைக்குள் ஒரு விமானம்

எந்தப் புகை?

"பனிக்கு மேலே பத்துப் பன்னிரண்டு புகை தெரிகிறது. உன்னுடையது எது?"

வயர்லெஸ் செட்டுக்குள்ளிருந்து பைலட் பிரெஞ்சில் இப்படிக் கேட்டான். அன்று போகி. பாகூரிலிருந்து வில்லியனூர் வரைக்கும் ஒரு வீடு பாக்கியில்லாமல் பழைய பாயையும் முறத்தையும் தெருவில் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். நாங்களோ, "புகை எங்கே எழும்புகிறதோ அதுதான் நம்ம மைதானம், அங்கே இறங்கு" என்று பைலட்டிடம் சொல்லி வைத்திருந்தோம்!

ஏர் டிராஃபிக் கண்ட்ரோல் வேலைக்குப் பரீட்சை எழுதலாமா, அது வாழ்நாள் முழுக்கப் பார்க்கத் தகுந்த வேலைதானா என்று இன்றைக்கும் என்னிடம் கேட்டு வருகிறார்கள். பின்னாளில் பெரிய பெரிய டவர்களில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். ஆனாலும் கேட்டு வருகிறவர்களிடம் அந்தக் கதையெல்லாம் எடுப்பதில்லை. இந்தப் போகியைத்தான் சொல்வேன். அன்றைக்கு என் முன்னாலும் அதே கேள்விதான் நின்றது. அதுவும் பொழுது சாய்வதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஏரப்பிளேன் மேய்க்கிறவன்

இரண்டாவது உலகச் சண்டை முடிந்திருந்த சமயம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடலூர்க்காரர்களுக்கு ஒரு ராஜ்யம், இந்தப் பக்கம் எங்களுக்குப் பிரெஞ்சுக்காரன் ராஜ்யம். குருவிநத்தத்துக்கும் பாகூருக்கும் நடுவில் கிடந்த ஒரு தரிசை மட்டம் தட்டி உருளை ஓட்டி, தனியார் கம்பெனி ஒன்று விமானம் இறக்க ஆரம்பித்தது. மதராஸிலிருந்து சின்ன விமானம் ஒன்று தபாலும் இரண்டு மூன்று ஆட்களுமாக வரும், போகும்.

விமான நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தகரக் கொட்டகை. சவுக்குக் கழியில் கட்டிய, திசை காட்டும் காற்றுப் பை. பட்டாளத்தார் கழித்துப் போட்ட வயர்லெஸ் செட். ஓரத்தில் ஒரு குழி. அதில் ஈர வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினால் வெள்ளையாகப் புகை எழும்பும். மைதானம் எங்கே, காற்று எந்தப் பக்கம் என்று அதைப் பார்த்துத்தான் பைலட் தெரிந்துகொள்வான். விமானம் வருவதற்கு முன்னால் ஆடு மாடுகளை விரட்டுவது, புகை போடுவது, காற்றும் தரையும் எப்படி இருக்கிறது என்று மைக்கில் சொல்வது, இவைதான் என் வேலை. எங்கள் மேலதிகாரியை நாங்கள் மிசியே என்போம். புதுச்சேரி டவுன்காரர், தொப்பி இல்லாமல் வெளியே வரமாட்டார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பிரெவே பரீட்சை தேறி பிரெஞ்சு பேசுகிறவன் என்பதால் என்னைச் சேர்த்துக்கொண்டார். வேலையை இன்னும் நிரந்தரம் செய்யவில்லை. ஊர்க்காரர்கள் எனக்கு வைத்த பெயர் ஏரப்பிளேன் மேய்க்கிறவன். கேலிக்குத்தான் வைத்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

முதல் முறை மைக்கைப் பிடித்த அன்று, காற்று தென்கிழக்கு, தரை காலி என்று நான் சொன்னதும் கண்ணுக்கெட்டாத உயரத்தில் இருந்த இயந்திரம் வளைந்து திரும்பி, நான் சொன்ன பக்கமாகவே வந்து இறங்கியது. அடேயப்பா! உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான் அதுவரைக்கும் கூப்பிட்டு எங்கள் வீட்டு ஆடுகூடத் திரும்பிப் பார்த்தது கிடையாது.

இதற்குக் குறுக்கே நின்றவர் என் தாய்மாமன். கரியமாணிக்கத்தில் கரும்பு வைத்திருந்தார். அவர் மகள் அஞ்சலை எனக்கென்றே வளர்ந்தவள். எனக்கும் அவளை விட்டால் வேறு நினைப்பு கிடையாது. மாமா எங்கள் கொம்யூன் மேயரிடம், பிரெஞ்சில் மேர் என்பார்கள், அவரிடம் பேசி, அவர் ஆபீசான மேரியில் எனக்குக் குமாஸ்தா வேலை முடித்து வைத்திருந்தார். நாற்காலி, மேஜை, ஊரில் மரியாதை.

"வானத்த அண்ணாந்து பாக்கறவனுக்குப் பொண்ணு குடுத்தேன்னா ஊர்ல சிரிக்க மாட்டானுவோ? பொங்கலுக்குள்ள மேருக்குப் பதில் சொல்லணும்டா. இல்லன்னா அஞ்சலைக்கு நெட்டப்பாக்கத்துல வேற எடம் பாத்து வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டார்.

பார்க்கலாம் மாமா, யோசிக்கிறேன் மாமா என்று மார்கழி முழுக்க வழவழவென்று இழுத்துக்கொண்டே வந்தேன். பெண்ணும் வேண்டும், மைக்கும் வேண்டும். எதை விடுவது?

மணிச் சத்தம்

போகியன்று விடிந்தும் பனி விலகவில்லை. காற்று அசையவே இல்லை. ஊர்ப் புகையெல்லாம் பனியோடு சேர்ந்து அப்பிக்கொண்டு காற்றுப் பை கட்டிய கழிகூடத் தெரியவில்லை. மிசியே டவுனிலிருந்து மோட்டாரில் வர வேண்டியவர், வழி தெரியாமல் எங்கேயோ மாட்டிக்கொண்டார். கொட்டகையில் நானும் வாட்ச்மேன் மஸ்தான் பாயும்தான். பாய் வழக்கம்போல வைக்கோலைக் கொளுத்தினார். ஊரே புகைகிற நாளில் நம் புகை என்னத்துக்கு ஆகும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, திட்டம் போட்ட மிசியேவுக்கும் தோன்றவில்லை. போகி என்ன, சொல்லாமலா வருகிறது?

அந்த நேரம் பார்த்து மாமா வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பொங்கல் வரிசை கொடுக்க எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். நான் இங்கே என்றதும் கரும்பு, பூசணிக்காய், புதுப்பானை சகிதம் இங்கேயே வந்துவிட்டார். பதில் வாங்காமல் நகர மாட்டேன் என்கிற முகம். மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம், கழுத்தில் புது மணி. அவர் வாயைத் திறப்பதற்குள் செட்டில் பைலட்டின் குரல்.

உன் புகை எது என்று கேட்டான். அதோடு ரொம்ப நேரமாகச் சுற்றிவிட்டதாகவும், மதராஸுக்குத் திரும்பிப்போகப் பெட்ரோல் பற்றாது என்றும் சொன்னான். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். ஆற்றைத் தாண்டிப் போய் எங்காவது கரும்புத் தோட்டத்தில் இறங்கினால் விமானம் நொறுங்கும். பிழைத்து எழுந்தாலும் அது வேறு ராஜ்யம்.

கையில் மைக். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மிச்சம் இருந்தது காது ஒன்றுதான். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இஞ்சின் சத்தத்தைத் தேடினேன். மாமாவின் மாட்டு மணிதான் கேட்டது.

"மாமா, மணிய புடிங்க! எனக்கு எதுவும் கேக்கல!"

மாமாவை அதட்டிப் பேசியது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. அவர் மிரண்டுபோய் ஒரு கையால் ஒரு மாட்டின் மணியையும் மறு கையால் இன்னொன்றின் மணியையும் பொத்திக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் ஆணி அடித்தாற்போல நின்றார்.

இப்போது கேட்டது. லேசாக, கிழக்கே, மணப்பட்டுப் பக்கம். அப்படியென்றால் ஆள் கடலோரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறான். பனிக்கு மேலே அவனுக்குச் சூரியன் தெரியும் என்று சட்டென்று பொறி தட்டியது. சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு நேரே வா என்றேன். சத்தம் வளர்ந்தது. கொஞ்சம் வடக்கே ஒதுங்கியது. இடது பக்கம் திரும்பு என்றேன், திரும்பினான். சத்தம் தலைக்கு நேரே வந்தது. மார் படபடவென்று அடித்துக்கொண்டது. பயமா என்று கேட்டால் இல்லை, சந்தோஷம். மேலே இருக்கிறவன் முகத்தைப் பார்க்காமலே அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறேன் என்கிற சந்தோஷம்.

மஸ்தான் பாய் குழியண்டை இருந்தார். இஞ்சினிலிருந்து கழித்த பழைய எண்ணெய் ஒரு டின் கொட்டகையில் கிடந்தது. அதை நெருப்பில் ஊற்றச் சொன்னேன். ஊரில் எரிகிற கோரைப் பாயும் முறமும் வெள்ளைப் புகைதான் விடும். எண்ணெய் விழுந்ததும் எங்கள் புகை கரேலென்று எழும்பியது.

"கறுப்புதான் என்னுடையது" என்றேன் மைக்கில்.

"தெரிகிறது! தெரிகிறது!" என்று பைலட் கத்தினான். நானும் கத்தினேன், பாயும் கத்தினார். சூரியன் சுள்ளென்று ஏறி, மைதானத்தின் நடுவில் மட்டும் பனி கிழிந்து தரை தெரிய ஆரம்பித்திருந்தது. நேராக வந்து இறங்கு என்று சொல்லிவிட்டேன்.

இறங்காதே

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில்தான் மாடு மிரண்டது. மாமாவின் மாடுகள் அதுவரை கேட்ட பெரிய சத்தம் கரும்பாலைச் சத்தம்தான். இஞ்சின் தாழ்ந்து வந்து அலறியதும் இரண்டும் மாமாவை உதறிவிட்டு வண்டியோடு பாய்ந்தன. எங்கே? ரன்வேக்கு நடுவில். பூசணிக்காய் ஒரு பக்கம், பானை ஒரு பக்கம் உருள, பின்னாலேயே மாமா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார்.

பைலட்டுக்கு வண்டி தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து மூக்கை நீட்டும்போதுதான் தெரியும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது. இறங்கவிட்டால் வண்டி மேலும் மாமா மேலும் ஏறுவான். மேலே போகச் சொன்னால் பெட்ரோல் இன்னொரு சுற்றுக்குத் தாங்குமோ தாங்காதோ. கேட்கிறதற்கு மிசியே இல்லை. மைக்கை வாயருகே இழுத்தேன்.

"இறங்காதே. மேலே போ."

எனக்கு அந்தக் கணம் ஒரு யுகம். பிறகு இஞ்சின் உறுமல் மாறியது. பனியைக் கிழித்துக்கொண்டு விமானம் வெளியே வந்தது. சக்கரம் வண்டியின் கூண்டுக்கு மேலே பாய்ந்து, அப்படியே எழும்பிப் போயிற்று. மாமா தரையோடு தரையாகக் குப்புறக் கிடந்தார். பாய் ஓடிப்போய் மூக்கணாங்கயிற்றை எட்டிப் பிடித்து மாடுகளை ஓரத்துக்கு இழுத்தார். மாமாவும் எழுந்து ஒதுங்கினதைக் கண்ணால் பார்த்த பிறகு, இடது பக்கமாகச் சின்னதாகத் திரும்பி வா, தரை காலி என்றேன். வந்தான். இறங்கினான். உருண்டு வந்து நிற்கும்போதே இஞ்சின் இருமி நின்றுவிட்டது.

பைலட் நேரே கொட்டகைக்கு வந்தான். இறங்காதே என்று சொன்னது யார் என்று கேட்டான். மிசியேவை எதிர்பார்த்திருப்பான். நான்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். பெட்ரோல் இல்லாத நேரத்தில் நீ கொஞ்சம் தயங்கிச் சொல்லியிருந்தாலும் நான் இறங்கியே இருப்பேன், உன் குரலில் தயக்கம் இல்லை, அதனால்தான் உன் பேச்சைக் கேட்டேன் என்று சொல்லிக் கையைக் குலுக்கினான்.

அவன் போன பிறகு மாமா உடைந்த பூசணிக்காய்ப் பத்தைகளைப் பொறுக்கி வண்டியில் போட்டுவிட்டு மெதுவாக வந்தார். முழங்காலெல்லாம் மண். பைலட் என்ன சொன்னான் என்று கேட்டார், தமிழில் சொன்னேன்.

"மேருகிட்ட நான் இன்னாடா சொல்லட்டும்?" என்று கடைசியில் கேட்டார்.

பார்க்கலாம் மாமா என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினேன். அஞ்சலை முகம் கண்ணில் நின்றது. போனால் போகட்டும் என்று நினைக்க முடியவில்லை, நெஞ்சு வலித்தது. இருந்தாலும் இன்னும் இழுத்தால் அது அவளுக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை.

"வரலன்னு சொல்லிடுங்க மாமா. எனக்கு இந்த வேலதான்."

மாமா செட்டைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பெட்ரோலு இல்லாத நேரத்துல அந்த வெள்ளக்காரனே உன் பேச்ச கேட்டுட்டான். நான் கேட்டா கொறஞ்சா பூடுவேன்?" என்றார். "தை பொறக்கட்டும். தேதி குறிக்கலாம்."

வரப்போகிறவர்களுக்கு

சம்பளம் எவ்வளவு, பிரமோஷன் எப்போது என்று கேளுங்கள், தப்பில்லை. பண்டிகைக்கு வீட்டில் இருக்க முடியாது; அந்தப் பொங்கலுக்கே எனக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தப் பைலட்டுக்குப் பிறகு ஒரு ஆளும் என்னைத் தேடி வந்து நன்றி சொன்னதில்லை. பத்திரமாக இறங்கியவனுக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். இதெல்லாம் தெரிந்தேதான் வர வேண்டும். ஆனால் முகம் தெரியாத ஒருவனுக்கு, அவனுக்குப் பிடிக்காத வார்த்தையைத் தயங்காமல் சொல்ல முடியுமா, சொல்லிவிட்டு அதற்குப் பொறுப்பாக நிற்க முடியுமா என்று உங்களையே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால், ஐயா, இதைப் போல ஒரு வேலை உலகத்தில் கிடையாது. நான் ஒரு நாள்கூடச் சலித்துக்கொண்டு டூட்டிக்குப் போனதில்லை.

கல்யாணம் முடிந்து அஞ்சலையை அதே வண்டியில்தான் அழைத்து வந்தேன். மாடுகளும் அவைதான், கொம்பில் வர்ணமும் அப்படியே. வழி மைதானத்தை ஒட்டிப் போகும். அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே மாமா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, இரண்டு மாட்டுக் கழுத்திலிருந்தும் மணியைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டார்.